கடன் வாங்கிய பாஷை, சொந்தக் குரல்

சென்ற மாதம் ஒரு நாள் பத்தாம் வகுப்பிலே ஆங்கிலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அன்றைய பாடம் அமெரிக்க ஆசிரியர் ஒருவரின் சிறுகதை. அவருடைய பெயரையும் ஊரையும் கரும்பலகையில் எழுதி, "இது அமெரிக்க இலக்கியத்தைச் சேர்ந்தது" என்று சொன்ன மாத்திரத்தில், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து நின்றான். "ஸார், இவர் எழுதியிருப்பதும் இங்கிலீஷ்தானே? பின்னே எதற்காக இதை அமெரிக்க இலக்கியம் என்று தனியாகச் சொல்கிறோம்?" என்று கேட்டான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. கேட்கவேண்டிய கேள்வியைத்தான் அவன் கேட்டான். பதில் சொல்லத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. வகுப்பிலே சொல்ல நேரமில்லாமற் போனதை இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல முற்படுகிறோம்.

அந்தப் பையனின் சந்தேகம் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பெரிய மனிதர்களுக்கும் இருந்தது. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்தது 1776-ஆம் வருஷத்தில். நாற்பத்து நான்கு வருஷங்கள் கழித்து, 1820-இல், ஸிட்னி ஸ்மித் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 'எடின்பரோ ரெவ்யூ' பத்திரிகையிலே ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கர் எழுதிய புத்தகத்தை உலகத்தில் யார்தான் வாசிக்கிறார்கள் என்று அதில் ஏளனம் செய்தார். அந்த ஏளனம் இன்றும் பலருக்கு நினைவிருக்கிறது. ஆனால் அதே கட்டுரையின் முடிவில் அவர் கேட்ட இன்னொரு கேள்வியைப் பலர் மறந்துவிட்டனர். சுதந்திரம் பேசும் உங்கள் தேசத்திலே ஆறு பேரில் ஒருவன் விலைக்கு வாங்கவும் விற்கவும் தக்க அடிமையாய் இருக்கிறானே, இது எந்தப் பழைய கொடுங்கோல் அரசில் உண்டு என்பதே அந்தக் கேள்வி.

அமெரிக்க இலக்கியத்தின் சரித்திரம் முழுவதையும் இவ்விரண்டு கேள்விகளுக்கும் அத்தேசத்தார் சொன்ன பதில் என்றே நாம் கருதுகிறோம். முதற் கேள்விக்குத் தனியாகப் பதில் தேடிய வரையில் அவர்களுக்குச் சொந்தக் குரல் கிட்டவில்லை. இரண்டாவது கேள்வியை நேருக்கு நேர் பார்க்கத் துணிந்தபோதே முதற் கேள்விக்கும் விடை கிடைத்தது. காலவாரியாகப் பார்ப்போம்.

குடியேற்றக் காலம்

அமெரிக்க இலக்கியத்தை 1607-ஆம் வருஷத்திலிருந்து கணக்கிடுவது நெடுங்கால வழக்கம். அவ்வருஷத்திலேதான் ஆங்கிலேயர் விர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் என்னும் குடியேற்றத்தை அமைத்தனர். ஆனால் அதற்குப் பல்லாயிரம் வருஷங்களுக்கு முன்பிருந்தே அந்த மண்ணில் ஆதிகுடிகள் வாழ்ந்து வந்தனர். நூற்றுக்கணக்கான பாஷைகளிலே சிருஷ்டிக் கதைகளும், வேட்டைப் பாடல்களும், நோய் தீர்க்கும் சடங்குப் பாட்டுக்களும் அவர்களிடையே வாய்மொழியாக வழங்கின. அவை ஏட்டில் ஏறவில்லை. ஆதலால் இலக்கியக் கணக்கிலும் நெடுங்காலம் ஏறவில்லை. வயற்காட்டுப் பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் இலக்கியமென்று மதியாதிருந்த நமக்கு இது விளங்காத செய்தி அன்று.

1620-இல் 'மேஃப்ளவர்' என்ற கப்பலில் வந்து பிளிமத்தில் குடியேறியவர்களும், 1630-இல் மாஸச்சூஸெட்ஸ் கடற்கரைக்கு வந்தவர்களும் தங்கள் சமய நெறிப்படி வாழ இடம் தேடி வந்தவர்கள். இவர்களை 'ப்யூரிடன்'கள், அதாவது தூய்மைவாதிகள் என்பார்கள். இவர்களுக்கு நாடகம் பாவம். கற்பனைக் கதை வீண் பொழுது. எழுதியவையெல்லாம் பிரசங்கங்கள், நாட்குறிப்புகள், தங்கள் குடியேற்றத்தின் சரித்திரங்கள். ஆங்கிலேயரின் வட அமெரிக்கக் குடியேற்றங்களிலே அச்சான முதற் புத்தகமும், 1640-இல் வெளிவந்த சங்கீத நூலேயாகும். எனினும் ஒரு நல்ல வழக்கத்தை இவர்கள் விட்டுச் சென்றனர். தன் மனச்சாட்சியைத் தானே கூண்டிலேற்றி விசாரித்து, விசாரணையின் முடிவை ஒளிக்காமல் எழுதிவைப்பதே அந்த வழக்கம். பின்வந்த பெரிய ஆசிரியர்கள் பலரிடம் இதன் சுவட்டைக் காணலாம்.

அந்தக் கண்டிப்பான சமூகத்திலிருந்து முதலில் எழுந்த கவிக்குரல் ஒரு குடும்ப ஸ்திரீயினுடையது என்பது கவனிக்கத்தக்கது. ஆன் பிராட்ஸ்ட்ரீட் என்ற அந்த அம்மையார் எட்டுக் குழந்தைகளின் தாய். அடுப்படி வேலைக்கும் குழந்தைகளின் காய்ச்சலுக்கும் இடையே அவர் எழுதிய கவிதைகள் 1650-இல் லண்டனில் புத்தகமாக வெளிவந்தன. கணவன்மீது கொண்ட அன்பையும், வீடு எரிந்துபோன துயரத்தையும் பின்னர் அவர் பாடிய பாடல்கள் இன்றும் வாசிக்கப்படுகின்றன.

சுதந்திரப் போர்க்காலம்

பதினெட்டாம் நூற்றாண்டிலே பேச்சு பரலோகத்தை விட்டு இகலோகத்துக்கு இறங்கிற்று. இக்காலத்தின் பிரதிநிதி பெஞ்சமின் ஃபிராங்க்ளின். மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவரின் மகன்; தமையனின் அச்சுக்கூடத்தில் வேலை பழகியவர். 1732-இல் தொடங்கி இருபத்தைந்து வருஷங்கள் அவர் வெளியிட்ட பஞ்சாங்கத்திலே கிரகணமும் வானிலையும் மட்டுமல்ல, சிக்கனத்தையும் உழைப்பையும் பற்றிய பழமொழிகளும் இருந்தன. வேறு புத்தகமே இல்லாத குடியானவர் வீடுகளிலும் அந்தப் பஞ்சாங்கம் இருந்தது. அவருடைய சுயசரிதம், ஏழைப் பையன் ஒருவன் சுயமுயற்சியால் உயர்ந்த கதைகளுக்கெல்லாம் மூத்த கதை.

1776-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் தாமஸ் பெயின் என்பவர் 'காமன் சென்ஸ்' என்ற சிறு பிரசுரத்தை வெளியிட்டார். அவர் இங்கிலாந்திலிருந்து வந்து இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. ஆயினும் கடலுக்கு அப்பாலுள்ள ராஜாவுக்குக் கட்டுப்பட வேண்டிய அவசியம் என்ன என்பதை, பண்டிதருக்கு எழுதாமல், கடைத்தெருவில் நிற்பவனுக்கு விளங்கும்படி எழுதினார். ஆறு மாதத்திற்குள், ஜூலை 4-ஆம் தேதி, தாமஸ் ஜெஃபர்ஸன் எழுதிய சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டது. மனிதர் யாவரும் சமமாகவே படைக்கப்பட்டவர் என்பது அதன் ஆதாரக் கொள்கை. எழுதிய ஜெஃபர்ஸனோ அடிமைகளை வைத்திருந்தவர். அவர் முதலில் எழுதிய பிரதியிலே அடிமை வியாபாரத்தைக் கண்டிக்கும் ஒரு பகுதி இருந்தது. சபையார் அதை நீக்கிவிட்டார்கள். நீக்கப்பட்ட அந்தப் பகுதியே அடுத்த நூறு வருஷங்களுக்கு அமெரிக்க இலக்கியத்தின் மனத்தை உறுத்தியது.

இவ்விடத்தில் ஒரு சிறுமியின் வரலாற்றைச் சொல்லாமல் மேலே செல்ல எமக்கு மனமில்லை. 1761-இல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஓர் அடிமைக் கப்பலிலிருந்து, ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று பாஸ்டன் நகரிலே விற்கப்பட்டது. கப்பலின் பெயர் ஃபிலிஸ். வாங்கிய குடும்பத்தின் பெயர் வீட்லி. இரண்டையும் சேர்த்து ஃபிலிஸ் வீட்லி என்று குழந்தைக்குப் பெயராயிற்று. சொந்தப் பெயர் இன்னதென்று உலகத்துக்குத் தெரியாது. அந்த வீட்டிலே ஆங்கிலமும் லத்தீனும் கற்ற அப்பெண் கவி பாடத் தொடங்கினாள். அடிமைப் பெண் கவி பாடினாள் என்றால் நம்புவார் யார்? எனவே கவர்னர் முதலாகப் பாஸ்டன் பிரமுகர் பதினெட்டுப் பேர், இவை இவள் எழுதியவையே என்று கையெழுத்திட்டுச் சான்று கொடுத்தனர். அதன்பின், 1773-இல், புத்தகம் லண்டனில் வெளிவந்தது. அந்தச் சான்றில் ஒப்பமிட்ட ஜான் ஹான்காக் என்பவரே, மூன்று வருஷம் கழித்துச் சுதந்திரப் பிரகடனத்திலும் முதல் ஒப்பமிட்டார். ஒரு தேசத்தின் பெருமையும் சிறுமையும் ஒரே மனிதரின் கையெழுத்தில் அடங்கியிருக்கக் காண்கிறோம்.

தன்னைத் தேடிய காலம்

போரில் வென்ற பிறகும் புத்தகத்தில் வெல்ல முடியவில்லை. இதற்கு வெறும் திறமைக் குறைவு காரணமன்று. அன்னிய தேசத்து ஆசிரியர்களுக்குப் பதிப்புரிமை வழங்கும் சட்டம் 1891 வரையில் அமெரிக்காவில் இல்லை. ஆகவே இங்கிலாந்தில் பெயர் பெற்ற நாவலை அமெரிக்கப் பதிப்பாளர் காசு கொடாமலே அச்சிட்டு மலிவாக விற்கலாம். சொந்த நாட்டு ஆசிரியனுக்கோ சன்மானம் தரவேண்டும். வியாபாரி எந்தப் பக்கம் சாய்வான் என்று சொல்லவும் வேண்டுமோ?

இத்தகைய நிலையிலும் சிலர் முயன்றனர். நோவா வெப்ஸ்டர் என்ற பள்ளி ஆசிரியர் 1783-இல் எழுத்துக்கூட்டும் பாடநூல் ஒன்றையும், 1828-இல் பெரிய அகராதியையும் வெளியிட்டு, அமெரிக்க ஆங்கிலத்துக்குத் தனி எழுத்து முறை வகுத்தார். வாஷிங்டன் இர்விங், இருபது வருஷம் மலையிலே தூங்கி எழுந்த ரிப் வான் விங்கிளின் கதையை 1819-இல் எழுதினார். தூங்கப் போகும்போது ராஜாவின் பிரஜையாயிருந்த ரிப், விழித்தபோது சுதந்திரக் குடியரசில் இருந்தான். ஆனால் அவனுக்குத் தன்னையே அடையாளம் தெரியவில்லை. அக்காலத்து அமெரிக்காவின் நிலையும் அதுவே. ஃபெனிமோர் கூப்பர் காட்டையும் ஆதிகுடிகளையும் நாவலில் கொண்டுவந்தார். எட்கர் ஆலன் போ 1841-இல் எழுதிய ஒரு கதையே இன்று நாம் ஆவலுடன் வாசிக்கும் துப்பறியும் கதைகளுக்கு மூலம்.

மறுமலர்ச்சி

1837-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், ரால்ஃப் வால்டோ எமர்ஸன் என்பவர் ஹார்வர்டிலே கற்றோர் சபையொன்றில் பிரசங்கம் செய்தார். பிறநாட்டாரின் கல்வியை அண்டிப் பிழைத்த காலம் முடியவேண்டும். நம்முடைய வயலும் தெருவும் தொழிலுமே நம் இலக்கியத்துக்குப் பொருளாகவேண்டும் என்பது அப்பிரசங்கத்தின் சாரம். அதை அமெரிக்காவின் அறிவுலகச் சுதந்திரப் பிரகடனம் என்று பிற்காலத்தார் போற்றினர். முதற் பிரகடனத்துக்கும் இதற்கும் இடையே அறுபத்தொரு வருஷங்கள் கழிந்திருந்தன.

பிறரை அண்டவேண்டாம் என்ற எமர்ஸன் பிறர் நூல்களை வாசிக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. அவரும், அதே கான்கார்டு ஊரில் வசித்த அவருடைய இளைய நண்பர் ஹென்றி டேவிட் தோரோவும், பகவத் கீதையை ஆங்கில மொழிபெயர்ப்பிலே ஆழ்ந்து கற்றவர்கள். தோரோ 1845-ஆம் வருஷம் ஜூலை 4-ஆம் தேதியன்று, ஊருக்கு வெளியே வால்டன் என்ற குளக்கரையில் தம் கையாலேயே கட்டிய சிறு வீட்டில் குடிபுகுந்தார். அங்கே இரண்டு வருஷங்களும் இரண்டு மாதங்களும் வாழ்ந்தார். அடுத்த வருஷம், அடிமைத்தனத்தை ஆதரித்து மெக்ஸிகோ மீது போர் தொடுத்த அரசாங்கத்துக்கு வரி கட்டமாட்டேன் என்று மறுத்து, ஓர் இரவு சிறையிலிருந்தார். அந்த ஓர் இரவின் பயனாக 1849-இல் பிறந்த கட்டுரையே, அநீதியான அரசுக்குப் பணிய மறுப்பது குடிமகனின் கடமை என்று கூறுவது. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் 1906-இல் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கிய பின்னரே இக்கட்டுரை அவர் பார்வைக்கு வந்தது. தம் வழிக்கு வலுவான துணை கிடைத்ததென்று மகிழ்ந்து, 1907-இல் தம்முடைய 'இந்தியன் ஒபீனியன்' பத்திரிகையில் அதன் பகுதிகளை வெளியிட்டார். கீதை கடல் கடந்து போயிற்று. அதைக் கற்றவனின் எழுத்து கடல் கடந்து வந்தது.

இதே காலத்தில் மற்றொரு மனிதர் எழுத்தின் வலிமையை வேறு விதமாக நிரூபித்தார். ஃபிரடெரிக் டக்ளஸ் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். எஜமானி அம்மாள் இரக்கப்பட்டு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். படித்த அடிமை அடிமையாயிருக்க மாட்டான் என்று அவளுடைய கணவன் தடுத்துவிட்டான். அந்தத் தடையே சிறுவனுக்கு வழிகாட்டியது. தெருவிலிருந்த ஏழை வெள்ளைப் பையன்களுக்குத் தன் ரொட்டியைக் கொடுத்து, பதிலுக்கு எழுத்துக்களைக் கற்றுக்கொண்டான். 1838-இல் தப்பியோடி, 1845-இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். இருபது வருஷமாக வகுப்பறையில் நிற்கும் எமக்கு, கல்வியைப் பற்றி இதைவிடப் பெரிய பாடம் வேறெதிலும் கிட்டியதில்லை.

பின்னர் வந்த ஐந்து வருஷங்களைப் போல் எந்தத் தேசத்தின் இலக்கியத்திலும் எளிதில் காணமுடியாது. 1850-இல் நதானியல் ஹாதார்ன், பழைய ப்யூரிடன் சமூகம் ஒரு பெண்ணின் மார்பில் குத்திய அவமானச் சின்னத்தைப் பற்றி 'ஸ்கார்லெட் லெட்டர்' என்ற நாவலை எழுதினார். அவருடைய மூதாதை ஒருவர், 1692-இல் ஸேலம் ஊரில் சூனியக்காரிகள் என்று பெண்களைத் தண்டித்த விசாரணையில் நீதிபதியாயிருந்தவர். 1851-இல் ஹெர்மன் மெல்வில், வெள்ளைத் திமிங்கிலத்தைத் துரத்திய மாலுமியின் கதையான 'மோபி டிக்'கை வெளியிட்டார். அது விற்கவில்லை. மெல்வில் பிற்காலத்தில் பத்தொன்பது வருஷம் நியூயார்க் சுங்க இலாகாவில் உத்தியோகம் பார்த்து, உலகம் மறந்த நிலையில் 1891-இல் இறந்தார். இன்று அந்நூல் உலகப் பெருநூல்களில் ஒன்று.

1852-இல் ஹாரியட் பீச்சர் ஸ்டோ என்ற அம்மையாரின் 'டாம் மாமாவின் குடிசை' புத்தகமாயிற்று. தப்பியோடிய அடிமையைப் பிடித்துக் கொடுக்கவேண்டுமென்று 1850-இல் வந்த சட்டத்தைக் கண்டு கொதித்து எழுதிய கதை அது. முதலில் ஒரு வாரப் பத்திரிகையிலே தொடர்கதையாகவே வந்தது. புத்தகமானதும் ஒரே வருஷத்தில் அமெரிக்காவில் மட்டும் மூன்று லட்சம் பிரதிகள் விற்றன. அடங்கிப் பொறுத்துப்போகும் டாமின் சித்திரத்தைப் பிற்காலத்துக் கறுப்பின ஆசிரியர்கள் கடுமையாகக் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயமும் உண்டு. ஆனாலும் தொடர்கதை என்றால் பொழுதுபோக்கு என்று மட்டும் எண்ணுவோர் இந்த வரலாற்றைச் சற்று நினைக்கவேண்டும்.

1854-இல் தோரோவின் 'வால்டன்' வந்தது. 1855-இல் வால்ட் விட்மன் 'புல்லின் இலைகள்' என்ற கவிதை நூலை வெளியிட்டார். அச்சுக் கோத்தும் தச்சுவேலை செய்தும் பிழைத்த அவர், எதுகை மோனைக்கும் சீருக்கும் கட்டுப்படாமல், மூச்சின் நீளத்துக்கேற்ப அடிகளை அமைத்தார். படகோட்டியும் தாயும் அடிமையும் ஜனாதிபதியும் அவர் கவிதையிலே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். நம் பாரதியார் தம் கட்டுரையொன்றில் விட்மனைப் பாராட்டி எழுதியிருப்பதை நேயர்களிற் சிலர் அறிந்திருப்பர்.

போருக்குப் பின்

1861 முதல் 1865 வரையில் வடக்கும் தெற்கும் பொருதன. போரின் முடிவில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. போரின் இரைச்சலுக்கிடையே மாஸச்சூஸெட்ஸில் ஆம்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரில், எமிலி டிக்கின்ஸன் என்ற பெண்மணி வீட்டை விட்டு அதிகம் வெளிவராமல் சின்னஞ்சிறு கவிதைகளை எழுதிக்கொண்டிருந்தார். 1886-இல் அவர் மறைந்த பின், கையால் தைத்த சிறு ஏடுகளைத் தங்கை கண்டெடுத்தார். அவர் எழுதியவை ஏறக்குறைய 1,800 கவிதைகள். வாழ்நாளில் அச்சேறியவை பத்துக்குச் சற்று மேல் இருக்கலாம், அவ்வளவே.

இனி அந்த மாணவனின் கேள்விக்கு மிக நேரான பதிலைத் தரக்கூடியவரிடம் வருகிறோம். மிஸிஸிப்பி நதியிலே நீராவிப் படகு செலுத்திய ஸாமுவேல் கிளெமன்ஸ், ஆற்றின் ஆழத்தைக் குறிக்கும் படகோட்டிகளின் சொல்லையே தமக்குப் புனைபெயராக வைத்துக்கொண்டு மார்க் ட்வெயின் ஆனார். 1884-இல் வெளிவந்த அவருடைய 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலை, பள்ளிப் படிப்பில்லாத ஒரு சிறுவன் தன் கொச்சைப் பேச்சிலேயே சொல்லிக்கொண்டு போகிறான். இங்கிலாந்தின் இலக்கண ஆங்கிலம் அதில் இல்லை. ஆற்றங்கரையின் ஆங்கிலம் இருக்கிறது.

அந்தச் சிறுவன் ஹக், தப்பியோடும் அடிமையான ஜிம்முடன் கட்டுமரத்தில் போகிறான். அடிமைக்கு உதவுவது திருட்டு, மகாபாவம் என்று அவனுக்கு ஊரும் கோவிலும் கற்பித்திருக்கின்றன. ஜிம்மின் எஜமானிக்குத் துப்புக் கொடுத்து ஒரு கடிதமும் எழுதிவிடுகிறான். பிறகு ஜிம் தன்னிடம் காட்டிய அன்பையெல்லாம் நினைத்துப் பார்க்கிறான். நரகத்துக்குப் போனாலும் போகிறேன் என்று துணிந்து கடிதத்தைக் கிழித்தெறிகிறான். அந்நூலின் முடிவுப் பகுதியையும், அதில் வழங்கும் இழிசொற்களையும் பற்றி அமெரிக்கப் பள்ளிகளில் இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் கிழிந்த அந்தக் கடிதத்தில்தான் ஸிட்னி ஸ்மித்தின் இரண்டு கேள்விகளுக்கும் ஒருங்கே பதில் கிடைத்தது. சொந்தப் பேச்சும் சொந்தப் பாவத்தின் உணர்வும் ஒரே பக்கத்தில் வந்து சேர்ந்தன. நவீன அமெரிக்க இலக்கியம் முழுவதும் இந்த ஒரு புத்தகத்திலிருந்து வந்ததென்று பின்னாளில் ஹெமிங்வே கூறியது சற்று மிகையாயினும் பொய்யன்று.

தொழிற்சாலைகளும் நகரங்களும் பெருகவே, உள்ளதை உள்ளவாறு எழுதும் யதார்த்த முறை ஓங்கியது. 1906-இல் அப்டன் ஸிங்க்ளேர், சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளில் உழைத்த ஏழைகளின் அவலத்தை 'ஜங்கிள்' என்ற நாவலில் சித்திரித்தார். தொழிலாளருக்காக அவர் எழுத, வாசகர்களோ தங்கள் உணவைப் பற்றிக் கலங்கினர். அவ்வருஷமே இறைச்சிச் சோதனைச் சட்டமும் உணவுத் தூய்மைச் சட்டமும் நிறைவேறின.

இருபதாம் நூற்றாண்டு

முதல் மகாயுத்தத்துக்குப் பின் பழைய நம்பிக்கைகள் சிதறின. 1922-இல் டி. எஸ். எலியட் எழுதிய 'பாழ்நிலம்' என்ற நெடுங்கவிதை, உபநிஷத்தின் சாந்தி மந்திரச் சொல்லுடன் முடிகிறது. ஃபிட்ஸ்ஜெரால்டு 1925-இல் 'கேட்ஸ்பி' என்ற பணக்காரனின் கதை மூலம் செல்வக் கனவின் வெறுமையைக் காட்டினார். 1930-இல் ஸிங்க்ளேர் லூயிஸ், இலக்கிய நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கரானார். பஞ்சம் பிழைக்கக் கலிபோர்னியாவுக்குப் போன குடியானவர்களின் துயரத்தை ஸ்டைன்பெக் 1939-இல் எழுதினார். தோற்றுப்போன தென்னாட்டின் குற்றவுணர்வை வில்லியம் ஃபாக்னர் தம் நாவல்களில் தோண்டியெடுத்தார்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலே 1920-களில் கறுப்பின மக்களின் கலை மலர்ச்சி தோன்றியது. லாங்ஸ்டன் ஹியூஸ் தம் மக்களின் இசையின் லயத்திலேயே கவி பாடினார். ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1937-இல் ஓர் அரிய நாவல் எழுதியும், 1960-இல் வறுமையில் இறந்தார். கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. 1973-இல் ஆலிஸ் வாக்கர் என்ற இளம் பெண் எழுத்தாளர் புல் மண்டிய அந்த இடத்தைத் தேடிச் சென்று கல் நாட்டினார். தன் முன்னோரைத் தேடிப்போகும் இலக்கியத்துக்கு மரணமில்லை.

1856-இல் மார்கரெட் கார்னர் என்ற அடிமைத் தாய், தப்பியோடிப் பிடிபட்டபோது, தன் மகள் மீண்டும் அடிமையாவதைக் காட்டிலும் சாவதே மேல் என்று தன் கையாலேயே கொன்றாள். அச்சம்பவத்தை விதையாகக் கொண்டு டோனி மாரிஸன் 1987-இல் 'பிலவ்ட்' என்ற நாவலை எழுதினார். 1993-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஃபிலிஸ் வீட்லிக்குச் சான்றளிக்கப் பதினெட்டுப் பேர் வேண்டியிருந்தது. மாரிஸனுக்கு உலகமே சான்றளித்தது. இடையே 220 வருஷங்கள்.

கதவு திறந்தபின் பலரும் உள்ளே வந்தனர். கயோவா என்னும் ஆதிகுடியைச் சேர்ந்த ஸ்காட் மோமடேயின் நாவலுக்கு 1969-இல் புலிட்ஸர் பரிசு அளிக்கப்பட்டது. நூற்றாண்டுகளாக ஏட்டில் ஏறாதிருந்த குரல் அவ்வாறு ஏறிற்று. ஐஸக் பாஷெவிஸ் ஸிங்கர், போலந்திலிருந்து தம்முடன் கொண்டுவந்த இட்டிஷ் பாஷையிலேயே எழுதி 1978-இல் நோபல் பரிசு பெற்றார். வங்காளப் பெற்றோருக்குப் பிறந்த ஜும்பா லாஹிரி, குடியேறிய இந்தியக் குடும்பங்களின் கதைகளுக்காக 2000-இல் புலிட்ஸர் பரிசு பெற்றார்.

மறுநாள் அந்த மாணவனைக் கூப்பிட்டு நாம் சொன்னது இதுதான்: "தம்பி, பாஷை இங்கிலாந்திலிருந்து வந்தது. ஆனால் அந்த மண்ணின் ஆறும், அந்த மண்ணின் குற்றமும் அவர்களுடையவை. அவற்றை மறைக்காமல் எழுதத் துணிந்த நாளிலிருந்து அது அமெரிக்க இலக்கியம்." அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் நாம் எழுதாமல் விட்டது என்ன ஸார்?" என்றான். இதற்கும் மணி அடித்தால் நன்றாயிருக்குமே என்று எமக்குத் தோன்றியது, அடிக்கவில்லை. நமக்குப் பாஷையைக் கடன் வாங்கவேண்டிய அவசியம் இல்லை. ஈராயிரம் வருஷத்துச் சொத்து கையில் இருக்கிறது. ஆனால் அந்தச் சொத்தில் யார் யாருக்குப் பங்கு கொடாமல் விட்டோம் என்ற கணக்கை நாமும் பார்த்தே தீரவேண்டும். பார்க்கத் தொடங்கியும் இருக்கிறோம்.

முடிக்குமுன் நம்மூர்ச் செய்தி ஒன்று. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடத்துக்கு 'ஐஸ் ஹவுஸ்' என்று பெயர் வந்தது ஏன் என்று பலர் அறிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, பாஸ்டன் வர்த்தகரான ஃபிரடெரிக் டியூடர், அமெரிக்கக் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றிக் கொண்டுவந்து அங்கே சேமித்து விற்றார். தோரோ குளக்கரையில் இருந்தபோது வால்டனிலும் பனிக்கட்டி வெட்ட ஆட்கள் வந்தனர். கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் உள்ளவர்கள் தம் குளத்து நீரைப் பருகப்போகிறார்கள் என்று அவர் கற்பனை செய்து எழுதி, நம் ஊர்ப் பெயரையும் தம் நூலில் சேர்த்தார். ஆனால் அம்முறை வெட்டிய கட்டிகளில் பெரும்பகுதி கரையிலேயே குவிந்து கிடந்து, உருகி, மீண்டும் குளத்துக்கே போய்விட்டதாக அவரே சொல்கிறார். பனிக்கட்டி வராவிட்டால் என்ன? புத்தகம் வந்து சேர்ந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் நேயர்கள் டக்ளஸின் வரலாற்றிலிருந்தும் ஹக்கின் கட்டுமரத்திலிருந்தும் தொடங்கலாம். வீட்டுக் குழந்தைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வாசித்தால் இன்னும் நல்லது.